மனித சீரத்திலிருந்து ஐஜிஜி: பிரித்தெடுப்பதிலிருந்து சோதனையில் பயன்படுத்துவது வரை

மனித ரத்தத்திலிருந்து இம்யூனோகுளோபுலின் ஜி-யை (சுருக்கமாக ஐஜிஜி, ரத்தத்தில் மிகுந்துள்ள எதிர்ப்பொருள் வகை) பிரித்தெடுப்பது கைப்பழக்கம் வந்தவர்களுக்கு ஒரு பகல் வேலை. புதிதாக வருபவர்களும் ஓரிரு முறையில் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது அதற்கு அடுத்த வாரம். சாயம் ஒட்டமாட்டேன் என்கிறது, செல்கள் காரணமில்லாமல் தூண்டப்படுகின்றன, கட்டுப்பாட்டுக் குழியே நிறம் காட்டுகிறது. தேடிப்போனால் பெரும்பாலும் காரணம் முதல் நாள் எடுத்த ஏதோ ஒரு சிறிய முடிவில் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறது.

1. எதற்கு என்று முதலில் எழுதிவையுங்கள்

குறிப்பேட்டில் முதல் வரியாக, இந்த ஐஜிஜி எந்தச் சோதனைக்குப் போகிறது என்று எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் மற்ற முடிவுகளைத் தீர்மானிக்கும்.

எலைசா (எதிர்ப்பொருளை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை) தட்டில் அளவுகோலாக வைக்கப் போகிறீர்களா? அப்படியானால் துல்லியமான அளவும் தூய்மையும் முக்கியம். பயோட்டினோ ஒளிரும் சாயமோ இணைக்கப் போகிறீர்களா? அப்படியானால் ட்ரிஸ், கிளைசின் (3-ஆம் படியின் கரைசல்களில் உள்ளவை) இரண்டும் துளியும் மிஞ்சக்கூடாது. இணைப்பு வினை அமீன் தொகுதிகளைத் தேடிப் பிடிப்பது; ட்ரிஸிலும் கிளைசினிலும் அமீன் இருப்பதால் சாயம் புரதத்தை விட்டுவிட்டு அவற்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். உயிருள்ள செல்களுக்கு என்றால் சோடியம் அசைடு (பாக்டீரியாவைத் தடுக்கச் சேர்ப்பது) கூடாது, எண்டோடாக்சினும் (பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சு) கூடாது.

எண்டோடாக்சினை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த நீராவிக் கருவி) அதை அழிக்காது. கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட்டால்தான் போகும். பஃபரில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசலில்) ஒருமுறை சேர்ந்துவிட்டால் புரதத்தை இழக்காமல் அதைப் பிரிப்பது பெரும் தொல்லை. எண்டோடாக்சின் இல்லாத தண்ணீரில் பஃபர் செய்வது அதைவிட எவ்வளவோ எளிது.

2. எந்த வகை, எந்த ரெசின்

ஆரோக்கியமான பெரியவரின் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் திரவத்தில்) ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஐஜிஜி இருக்கும். மற்ற எதிர்ப்பொருள் வகைகளில் ஐஜிஏ 2 மில்லிகிராம் அளவிலும் ஐஜிஎம் 1 மில்லிகிராமை ஒட்டியும் இருக்கும். ஐஜிடி மிகக் குறைவு, ஐஜிஈ அதைவிடக் குறைவு. ஆய்வகங்கள் பெரும்பாலும் ஐஜிஜி-யோடு நின்றுவிடுவதற்கு இந்தக் கணக்கே ஒரு காரணம்.

ஐஜிஜி-யில் நான்கு துணை வகைகள் உண்டு. புரோட்டீன் ஏ ரெசின் (ஐஜிஜி-யைப் பிடிக்கும் பாக்டீரியப் புரதம் ஒட்டிய சிறு மணிகள்) மூன்றாம் வகையைப் பெரும்பாலும் பிடிக்காது. புரோட்டீன் ஜி நான்கையும் பிடிக்கும். புரோட்டீன் ஏ-யில் ஏற்றிவிட்டு 'மொத்த ஐஜிஜி' என்று லேபிள் ஒட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. வைரஸ்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களில் குறிப்பிடத்தக்க பங்கு மூன்றாம் வகையில் இருக்கும் என்பதால், அந்தத் துறையில் இது சிறிய தவறல்ல. இந்த வழிகாட்டி முழுவதும் புரோட்டீன் ஜி-யை வைத்தே செல்கிறது. ரத்தத்தில் மிகுந்துள்ள புரதமான ஆல்பமினைப் பிடிக்கும் பகுதி நீக்கப்பட்ட மறுசேர்க்கை வடிவத்தையே வாங்குங்கள். இயற்கை வடிவம் ஆல்பமினையும் சேர்த்து இழுத்துவரும்.

ஐஜிஏ வேண்டுமென்றால் ஜாக்கலின் ரெசின் இருக்கிறது. ஆனால் அது ஐஜிஏ1-ஐ மட்டுமே நன்றாகப் பிடிக்கும். ஐஜிஎம் 900 கிலோடால்டனுக்கு மேற்பட்ட பெரிய மூலக்கூறு, அதை அளவு அடிப்படையில் பிரிப்பதே வழக்கம். உப்புச் செறிவு குறைந்த கரைசலில் அது படிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

3. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

பிடிப்பு பஃபர்: 20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஹெச் 7.0. வெளியேற்றும் பஃபர்: 0.1 மோலார் கிளைசின், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஹெச் 2.7-க்குக் கொண்டுவரப்பட்டது. நடுநிலையாக்க 1 மோலார் ட்ரிஸ், பிஹெச் 9.0. பிறகு 1 மில்லிலிட்டர் புரோட்டீன் ஜி ரெசின் நிரப்பிய குழல், 0.45 மைக்ரான் ஃபில்டர், டயாலிசிஸ் பை (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) அல்லது செறிவூட்டும் ஃபில்டர் டியூப், பிஹெச் தாள்.

மூன்று பஃபரையும் 0.22 மைக்ரானில் வடிகட்டி, அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். குளிர்ந்த பஃபரை நேராகக் குழலில் விட்டால், சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழியாகி ரெசினுக்குள் தங்கிவிடும். குமிழி இருக்கும் இடத்தில் திரவம் ஓடாது, அந்தப் பகுதி ரெசின் வீண்.

ட்ரிஸ் பஃபரின் பிஹெச் வெப்பநிலையோடு மாறும். குளிர் அறையில் வேலை செய்வதென்றால் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

4. மாதிரி: ஒப்புதலும் பாதுகாப்பும்

கொடையாளியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கையில் வந்த பிறகே ரத்தம் உங்கள் மேசைக்கு வர வேண்டும். டியூபில் பெயர் எழுதாதீர்கள், குறியீடு மட்டும் போதும். பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் உங்களிடம் இருக்கக்கூடாது.

எந்த மனித ரத்த மாதிரியையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றும் இருப்பதாகவே வைத்துக் கையாள வேண்டும், பரிசோதனையில் 'இல்லை' என்று வந்திருந்தாலும்தான். தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் பரிசோதனை அதைத் தவறவிடலாம். உயிரியல் பாதுகாப்பு நிலை 2, கையுறை, கண்ணாடி, தெறிக்கக்கூடிய வேலைகளுக்குப் பாதுகாப்புக் கூண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதல் மாதிரியைத் தொடும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கினால் சீரம் பாதுகாப்பாகிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது காம்ப்ளிமென்ட் (கிருமிகளைத் தாக்கும் ரத்தப் புரதத் தொகுதி) புரதங்களைச் செயலிழக்கச் செய்வதற்கான படி. ஹெபடைடிஸ் பி வைரஸை அது நம்பகமாக அழிக்காது.

5. சீரத்தைத் தயார் செய்தல்

முடிந்தால் பிளாஸ்மாவைவிடச் சீரத்தையே எடுங்கள். பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் இருக்கிறது. அது நூல் நூலாகத் திரண்டு குழலின் வாயை அடைத்துவிடும். ரத்தத்தை அறை வெப்பநிலையில் 30 முதல் 60 நிமிடம் உறையவிட்டு, 1,500 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல் 1,500 மடங்கு) 10 நிமிடம் சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

உறைநிலையிலிருந்து எடுத்த மாதிரி என்றால் ஒரு எச்சரிக்கை. உருகும்போது புரதமும் உப்பும் டியூபின் அடியில் செறிந்து, மேலே நீர்த்துப்போயிருக்கும். உற்றுப் பார்த்தால் அடியில் மஞ்சள் அடர்த்தியாக இருப்பது தெரியும். கலக்காமல் மேலிருந்து எடுத்தால் உங்கள் அளவு மொத்தமும் தப்பு. டியூபை மெதுவாகப் பலமுறை தலைகீழாகத் திருப்புங்கள். வோர்டெக்ஸில் வைக்காதீர்கள், நுரை வந்தால் புரதம் அந்த நுரையிலேயே உருக்குலைகிறது.

அப்புறம் 10,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றுங்கள். கொழுப்பு மிதந்தால் அதன் கீழிருந்து பைப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள். சம அளவு பிடிப்பு பஃபர் சேர்த்து 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடியுங்கள். நீர்க்காமல் வடிகட்ட முயன்றால் ஃபில்டர் பாதியிலேயே அடைத்துக்கொள்ளும்.

சீரம் பத்து மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் முதலில் அம்மோனியம் சல்பேட்டால் படியவைப்பது நல்லது. நிறைவுற்ற கரைசலைச் சம அளவில், சொட்டுச் சொட்டாக, கிளறிக்கொண்டே சேர்த்தால் 50 சதவீத நிறைவு கிடைக்கும். ஐஜிஜி படியும், ஆல்பமினில் பெரும்பகுதி மேலேயே நின்றுவிடும். சட்டென்று கொட்டினால் விழுந்த இடத்தில் மட்டும் செறிவு ஏறி ஆல்பமினும் சேர்ந்து படியும். படிவைக் கரைத்த பிறகு, குழலில் ஏற்றும் முன் டயாலிசிஸில் உப்பை நீக்கிவிடுங்கள்.

6. குழலைக் கழுவி ஏற்றுதல்

குழல் 20 சதவீத எத்தனாலில் இருக்கும். முதலில் தண்ணீர், அதன் பிறகே பஃபர். எத்தனாலோடு உப்புக் கரைசல் நேராகச் சேர்ந்தால் உப்பு ரெசினுக்குள்ளேயே படியலாம். குழலின் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கு தண்ணீர் விடுங்கள்.

அடுத்து, பலர் தாண்டிப்போகும் ஒரு படி: மாதிரி ஏற்றும் முன் வெளியேற்றும் பஃபரை ஒருமுறை வெறுமனே ஓட்டுங்கள். முந்தைய கொடையாளியின் ஐஜிஜி கொஞ்சம் குழலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இன்றைய மாதிரியில் சேர்ந்தால் எந்த ஜெல்லும் (புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டுவது) காட்டிக்கொடுக்காது, இரண்டுமே மனித ஐஜிஜி தானே. வெற்று ஓட்டத்தில் வருவதை 280 நானோமீட்டர் ஒளியில் (புரதம் உறிஞ்சும் அலைநீளம்) பாருங்கள். உடனே பிடிப்பு பஃபரை பத்து மடங்கு விட்டு பிஹெச் 7-க்குத் திரும்பியதை உறுதி செய்யுங்கள். ஒப்பிடப்போகும் கொடையாளிகள் சிலர்தான் என்றால் ஆளுக்கொரு குழல் வைப்பதே மேல்.

ஏற்றும் அளவைக் கணக்கிட்டு ஏற்றுங்கள். குழலின் கொள்திறன் அதன் தாளில் அச்சிட்டிருக்கும். அதில் முக்கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் என்ற கணக்கு இங்கே உதவும். நிமிடத்துக்கு அரை மில்லிலிட்டர் வேகம் போதும். அவசரப்பட்டால் ஐஜிஜி பிடிபடாமலேயே வெளியே போய்விடும்.

வெளியே வரும் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். 'பிடிபடாதது' என்று எழுதி ஜெல் பார்க்கும்வரை குளிரில் வையுங்கள். விளைச்சல் குறைந்தால் ஐஜிஜி எங்கே போனது என்று சொல்லக்கூடியது இந்த டியூப் ஒன்றுதான்.

7. வெளியேற்றுதல்

பிடிப்பு பஃபரால் கழுவுங்கள். பத்து மடங்கு என்று சொல்வார்கள், ஆனால் எண்ணிக்கையைவிட அளவீட்டை நம்புங்கள்: 280 நானோமீட்டர் அளவு அடிமட்டத்துக்கு வந்து அசையாமல் நின்றால் கழுவியது போதும்.

இனி வரிசை முக்கியம். வெளியேற்றும் பஃபரைத் திறக்கும் முன், சேகரிக்கும் டியூப் ஒவ்வொன்றிலும் ட்ரிஸ் ஏற்கெனவே இருக்க வேண்டும், 1 மில்லிலிட்டர் பகுதிக்கு 60 முதல் 100 மைக்ரோலிட்டர் வரை. எல்லாவற்றையும் சேகரித்த பிறகு ட்ரிஸ் சேர்க்கலாம் என்று நினைத்தால், முதல் பகுதி அதற்குள் பல நிமிடங்கள் பிஹெச் 2.7-ல் உட்கார்ந்திருக்கும். அமிலத்தில் ஐஜிஜி மெல்லச் சுருள் அவிழும். அவிழ்ந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இப்படித் திரண்டதை நடுநிலையாக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஒவ்வொரு டியூபையும் விரலால் மெதுவாகத் தட்டிக் கலக்குங்கள். அமிலமும் ட்ரிஸும் சேரும்போது எண்ணெய் படர்வது போன்ற அலைகள் ஓடும். அவை மறையும்வரை கலக்குங்கள். ஒரு சொட்டு பிஹெச் தாளில் வையுங்கள், 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். தெளிவாக இருந்தால் சரி. வெண்மையாகக் கலங்கியிருந்தால் புரதம் திரண்டிருக்கிறது. அந்தப் பகுதியை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில்தான் ஐஜிஜி செறிந்து வரும். செறிந்தவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர்த்த ஓரங்களையும் சேர்த்து அப்புறம் செறிவூட்டப் பாடுபடுவதில் லாபமில்லை.

குழலை உடனே பிடிப்பு பஃபராலும், தண்ணீராலும், கடைசியில் 20 சதவீத எத்தனாலாலும் கழுவிக் குளிரில் வையுங்கள். அமிலத்திலேயே இரவு முழுக்க விட்ட குழல் அடுத்த முறை பாதி வேலைதான் செய்யும்.

8. பஃபரை மாற்றுதல்

இப்போது கையில் இருப்பது ட்ரிஸும் கிளைசினும் கலந்த ஐஜிஜி. ஐஜிஜி 150 கிலோடால்டன் என்பதால் 10 அல்லது 30 கிலோடால்டன் சவ்வு பாதுகாப்பானது. மாதிரியைப் போல் நூறு மடங்கு பாஸ்பேட் உப்புக் கரைசலில் 4 டிகிரியில் வைத்து, கரைசலை மூன்று முறை மாற்றுங்கள். கடைசி மாற்றம் இரவு முழுக்க இருக்கட்டும்.

ஒரே முறை பெரிய அளவில் வைத்தால் போதாதா என்ற கேள்வி வரும். ஒருமுறை நூறு மடங்கில் நூறில் ஒன்று மிஞ்சும். மூன்று முறை மாற்றினால் பத்து லட்சத்தில் ஒன்று. சாயம் இணைக்கப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

ஃபில்டர் டியூபில் சுழற்றிச் செறிவூட்டுபவர்கள் அது வறண்டுபோக விடாதீர்கள். சவ்வின் மேல் புரதம் படலமாகிவிட்டால் திரும்பக் கரைப்பது கடினம். இடையிடையே நிறுத்தி, பைப்பெட்டால் மெதுவாகக் கலக்குங்கள்.

9. அளவிடுதல்

280 நானோமீட்டரில் ஐஜிஜி-யின் 1 மி.கி./மி.லி. கரைசல் ஏறத்தாழ 1.37 காட்டும். பத்து மடங்கு நீர்த்த மாதிரி 0.41 காட்டினால்: 0.41-ஐப் பத்தால் பெருக்கி, 1.37-ஆல் வகுத்தால் 3 மி.கி./மி.லி. வெற்று அளவுக்கு டயாலிசிஸின் கடைசிக் கரைசலையே எடுங்கள்.

320 நானோமீட்டரிலும் ஒருமுறை பாருங்கள். அங்கே புரதம் எதையும் உறிஞ்சாது. ஏதாவது காட்டினால் கரைசலில் திரள் இருக்கிறது, ஒளி சிதறுகிறது என்று பொருள்.

சாயம் சேர்த்துப் புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு முறையில் அளப்பவர்களிடம் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அளவுகோலாக மாட்டு ஆல்பமினை வைக்கிறார்கள். அந்தச் சாயம் ஆல்பமினோடு மிக வலுவாகச் சேரும், ஐஜிஜி-யோடு அவ்வளவு சேராது. விளைவு, ஐஜிஜி ஏறத்தாழ பாதியாகத் தெரியும். விளைச்சல் போச்சே என்று குழலைச் சந்தேகிப்பார்கள். அளவுகோலுக்கும் காமா குளோபுலினையே வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

10. ஜெல்லில் சரிபார்த்தல்

ஒரே மாதிரியை இரண்டு விதமாக ஓட்டுங்கள். பீட்டா மெர்காப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கும் பொருள் சேர்த்தால் 50, 25 கிலோடால்டனில் இரண்டு பேண்ட், கனச் சங்கிலியும் இலேசான சங்கிலியும். சேர்க்காமல் ஓட்டினால் 150-ஐ ஒட்டி ஒன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் வைக்காதீர்கள்; ஒடுக்கும் பொருள் பரவி அடுத்த குழியின் பேண்டையும் உடைத்துவிடும்.

ஒடுக்கிய குழியில் 66-ஐ ஒட்டி ஒரு பேண்ட் தெரிந்தால் அது ஆல்பமின், கழுவியது போதவில்லை. தொடக்கச் சீரம், பிடிபடாதது, கழுவிய நீர், வெளியேறியது என்று நான்கையும் ஒரே ஜெல்லில் வைத்தால் எங்கே என்ன நடந்தது என்று ஒரு பார்வையில் தெரியும். வெளியேறியதை மட்டும் ஓட்டிய ஜெல்லை வைத்துக்கொண்டு விளைச்சல் ஏன் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

11. சேமித்தல்

ஒரு சோதனைக்குத் தேவையான அளவில் சிறு சிறு டியூபாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். நீர்த்த கரைசலில் புரதம் டியூப் சுவரில் ஒட்டிக் குறையும், 1 மி.கி./மி.லி.-க்கு மேல் இருப்பது நல்லது. உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

சில வாரங்களுக்குள் முடித்துவிடுவீர்கள் என்றால் 4 டிகிரியே போதும். அங்கே பாக்டீரியா வராமல் இருக்க 0.02 சதவீத சோடியம் அசைடு சேர்ப்பது வழக்கம். சேர்த்தால் டியூபின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். அசைடு செல்களைக் கொல்லும், எலைசாவில் நிறம் தரும் பெராக்ஸிடேஸ் நொதியையும் முடக்கும். அசைடுக் கழிவை அமிலத்தோடும் பிளீச்சோடும் கலக்காதீர்கள், செம்பு அல்லது ஈயக் குழாய் உள்ள தொட்டியில் ஊற்றவும் வேண்டாம். உலோக அசைடு வெடிக்கக்கூடியது. மற்ற ரத்தக் கழிவுக்குப் புதிதாகக் கரைத்த பிளீச் சரி.

12. சோதனைகளில் பயன்படுத்தும்போது

எந்தச் சோதனை ஆனாலும், பயன்படுத்தும் முன் டியூபை 10,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி மேல் பகுதியை மட்டும் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத திரள்கள்கூட செல்லின் எஃப்சி ஏற்பிகளை (எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பிடிப்பவை) ஒன்றுசேர்த்துத் தூண்டும், காம்ப்ளிமென்ட்டையும் கிளப்பும். எதிர்ப்பொருளின் விளைவு என்று எழுதப்படும் சில முடிவுகள் உண்மையில் திரளின் விளைவுதான்.

எலைசாவில் சீரத்தின் மொத்த ஐஜிஜி-யை அளப்பதென்றால் ஒரு லட்சம் மடங்கு நீர்த்தல் தேவைப்படும், 10 மி.கி./மி.லி. அப்போது 100 நானோகிராமாகிறது. ஒரே தாவலில் செய்யாமல் நூறு, நூறு, பத்து என்று பிரித்து, ஒவ்வொரு முறையும் பைப்பெட் முனையை மாற்றுங்கள். தட்டின் வெற்றிடங்களை மறைக்க மாட்டு ஆல்பமினைப் பயன்படுத்தினால் அதில் மாட்டு ஐஜிஜி கலந்திருக்கலாம். மாட்டு ஐஜிஜி-யோடு சேராதபடி வடிகட்டிய இரண்டாம் எதிர்ப்பொருளை (முதல் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்துக் காட்டுவது) வாங்குங்கள், வெற்றுக் குழி அமைதியாகும்.

ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (சாயமிட்ட செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் முறை) மோனோசைட் போன்ற செல்களின் எஃப்சி ஏற்பிகளை மறைக்க, பலரின் சீரத்திலிருந்து திரட்டிய மனித ஐஜிஜி நன்றாக உதவும். சாயம் பூசும் முன் 10 நிமிடம் செல்களோடு வைத்தால் போதும். ஆனால் அதே சோதனையில் மனித ஐஜிஜி-யைத் தேடும் இரண்டாம் எதிர்ப்பொருளைப் போடாதீர்கள். நீங்கள் மறைக்கப் போட்ட ஐஜிஜி-யையே அது கண்டுபிடித்து எல்லாச் செல்களையும் ஒளிரவைக்கும். நேரடியாகச் சாயம் இணைத்த எதிர்ப்பொருளுக்கு மாறுங்கள்.

கட்டுப்பாடாக வைக்கும்போதும் கவனம் தேவை. பலரிடமிருந்து திரட்டிய ஐஜிஜி-யை 'எதையும் பிடிக்காத கட்டுப்பாடு' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தட்டம்மை, டெட்டனஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ், கேண்டிடா என்று மனிதர்கள் சந்தித்த அனைத்துக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். உங்கள் இலக்கு அந்தப் பட்டியலில் வரக்கூடியது என்றால், அதற்கான எதிர்ப்பொருள் இல்லை என்று சோதித்தறிந்த கொடையாளியின் ஐஜிஜி-யையோ, தொடர்பில்லாத இலக்கைப் பிடிக்கும் ஒற்றைக் குளோன் மனித ஐஜிஜி-யையோ வையுங்கள்.

சிகிச்சைக்காகத் தயாரித்த நரம்புவழி இம்யூனோகுளோபுலின் காலாவதியாகி ஆய்வகத்துக்கு வருவதுண்டு. செல்களை மறைக்க அது தாராளமாகப் போதும். ஆனால் அதில் நிலைப்படுத்தியாகக் கிளைசின், புரோலின் அல்லது மால்டோஸ் சேர்த்திருப்பார்கள். தாளைப் படித்துப் பார்த்து, சாயம் இணைக்கவோ செல் வளர்ப்பில் போடவோ போகிறீர்கள் என்றால் 8-ஆம் படியின் டயாலிசிஸை அதற்கும் செய்யுங்கள். உங்கள் கட்டுப்பாட்டு ஐஜிஜி-யையும் சோதனை ஐஜிஜி-யோடு ஒரே பையளவு, ஒரே கரைசல், ஒரே இரவு என்று சேர்த்தே டயாலிசிஸ் செய்தால், இரண்டுக்கும் இடையே பஃபரால் வரும் வேறுபாடு ஒழியும்.